ஏழாம் கேள்விக்கு ஐம்பத்து நான்கு

இராயபுரம்
12 ஜூன் 2025, வியாழன்

அன்புள்ள ரேச்சல்,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவது பின்வருமாறு:

1. பேசாமல் ஏன் எழுதுகிறேன்.
2. ஞாயிற்றுக்கிழமை நடந்தது, என் பக்கத்திலிருந்து.
3. அந்தக் கேள்வித்தாளை ஏன் நம்பலாம்.
4. பேத்தி ஆன்சியைப் பற்றி என் மதிப்பீடு.
5. உன் மாலை ஷிஃப்ட்.
6. மன்னிப்பு.

1. நான்கு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சரியாகப் பேசியிருக்கமாட்டேன். "பேசினா நீங்க பாதியில விட்டுட்டு உள்ள போயிடுவீங்க. இன்னா சொல்றதா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை ஃப்ரெடி தினமும் துறைமுகத்துக்கு இந்த வழியாகத்தான் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

2. பெந்தெகொஸ்து ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் மூவரும் வந்தீர்கள். பிரியாணி சாப்பிட்டானதும் மேசையைத் துடைத்து, ஆன்சியை உட்காரவைத்து, இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தேன். அரை மணி நேரம். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்பது எடுத்தாள். ஃப்ரெடி என்னிடம், "இன்னா மாமா, பாப்பா எப்டி?" என்று கேட்டார். "சாதாரணம்தான்" என்றேன். "அப்போ மேட்டர் முடிஞ்சுது. டியூஷன்ல வுட்டுடலாம்" என்றார் அவர். ஆன்சி கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

3. அந்தத் தாளை 1998-ல் உனக்கு ஏழு வயதானபோது உனக்காகத் தயாரித்தேன். ஆன்சிக்கும் இப்போது ஏழு. அதே கேள்விகள், அதே நேரம். விடைகளை இரண்டு முறை சரிபார்த்து எழுதிவைத்திருக்கிறேன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் வேகன் நம்பர் எடுத்தவன் நான். தண்டையார்பேட்டை யார்டில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றால், அதன் முழு நீளமும் நடந்து ஒவ்வொரு நம்பராக எழுதி, மறுபக்கமாகத் திரும்பி வந்து சரிபார்ப்பேன். அப்படித்தான் இந்தத் தாளையும் சரிபார்த்தேன். அதில் தவறு இருக்க வழியில்லை. வேறு எதைப் பற்றியும் நான் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன். இதைப் பற்றி எழுதுகிறேன்.

4. பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனால் நீ நினைக்கும் அளவுக்குக் கணக்குத் திறமை இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து கேள்விகளுக்கு விடையே எழுதவில்லை. ஏழாம் கேள்வி மிக எளிது, ஐந்து பத்து எத்தனை என்பதுதான் சாரம். அதற்கு 54 என்று எழுதியிருக்கிறாள். நீ அவளோடு தீக்குச்சி வைத்து விளையாடுவது நல்ல விளையாட்டு. கணக்கு ஆகுமா என்பது சந்தேகம். என்னையும் சிறுவயதில் கணக்குப் புலி என்று என் அப்பா தெருவெல்லாம் சொல்லிவைத்தார். கல்லூரியில் மூன்றாம் வகுப்பில் தேறினேன். அன்று வீட்டுக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று யோசித்தபடி நடந்தேன். அந்த நிலை ஆன்சிக்கு வரக்கூடாது.

5. கன்டெய்னர் யார்டில் உன்னை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்குகிறார்கள். மதியம் இரண்டு முதல் இரவு பத்து. 30-ஆம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். ஒப்புக்கொண்டால் நீ தினமும் மாலையில் ஆன்சியோடு உட்காரும் ஒரு மணி நேரம் போய்விடும். போனால் போகட்டும், ஒப்புக்கொள் என்பது என் தாழ்மையான கருத்து.

6. தாள் முடியப்போகிறது. இதைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா,
அருள்நாதன்

உன் டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டாய். கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

*

விம்கோ நகர்
15 ஜூன்

அப்பாவுக்கு,

தாள் முடியப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

ஃப்ரெடி கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு, "இந்தா, உங்கப்பா ஆர்டர் அனுப்பிக்கிறாரு. போன் கீது, வாட்ஸ்அப் கீது, நான் இன்னா போஸ்ட்மேனா?" என்றார். எதையாவது சொல்லிக்கொண்டே கொண்டுவருவார். நீங்கள் எழுதுங்கள்.

என் கடிதத்தில் குறிப்பு எண்ணெல்லாம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அடுப்பு பற்றவைத்த தீக்குச்சிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பழைய தீப்பெட்டிகளில் சேர்த்துவைப்போம். தினமும் ஆறு மணியிலிருந்து ஏழு வரை நானும் ஆன்சியும் தரையில் உட்கார்ந்து அவற்றை அடுக்குவோம். ஒரு சதுரம் போட நாலு குச்சி. அதை ஒட்டி இன்னொரு சதுரம் போட மூன்று போதும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவளாகவே, "அம்மா, பத்து ரூம் கட்டணும்னா முப்பத்தோரு குச்சி வேணும். மொத ரூமுக்கு மட்டும்தான் செவுரு ஒண்ணு கூட" என்றாள். பத்து ரூம் நாங்கள் கட்டியதே இல்லை. நாலுதான் கட்டியிருந்தோம். என்னிடம் அவ்வளவு குச்சியும் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

போன ஞாயிறு உங்கள் வீட்டிலிருந்து வந்ததும் தீப்பெட்டிகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. "எனக்குக் கணக்கு வராதும்மா. தாத்தா சொல்ட்டாரு" என்றாள். அழவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நேற்று ரயிலில் போனோம். எப்போதும் இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று அவள்தான் எனக்குச் சொல்வாள். தண்டையார்பேட்டை வந்தது, கொருக்குப்பேட்டை வந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

இந்த வீட்டில் கணக்கில் பட்டம் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஃப்ரெடிக்கு அது தீர்ப்பு. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். நினைவிருக்கிறதா? அதே தாளில் எனக்குப் பதினொன்று. அதே சொல்: சாதாரணம்தான். 2006-ல் நான் ப்ளஸ் ஒன்னில் கணக்கு குரூப் கேட்டபோது நீங்கள் என்னைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. அந்தப் பழைய தாளை எடுத்துவந்து மதிப்பெண்ணைக் காட்டினீர்கள். நான் காமர்ஸ் எடுத்தேன். அதில் குறையொன்றும் இல்லை, சோறு போடுகிறது. ஆனால் என் மகளுக்கும் அதே தாள், அதே சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 54 என்று ஏன் எழுதினாய் என்று அவளைக் கேட்டீர்களா?

ரேச்சல்

*

இராயபுரம்
18 ஜூன்

அன்புள்ள ரேச்சல்,

கேட்கவில்லை.

வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். யார்டில் ஒரு நம்பர் சரியில்லை என்று தெரிந்தால், ஏன் என்று நாங்கள் வேகனிடம் கேட்பதில்லை. திருத்துவோம், அவ்வளவுதான். அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

ஆனால் கேட்டிருந்தாலும் விடை மாறாது என்பதைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏழாம் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "ஜெபமாலையில் ஒரு கட்டுக்குப் பத்து மணி. ஐந்து கட்டு. வட்டத்தில் மொத்தம் எத்தனை மணி?" விடை 50.

நேற்று நடைப்பயிற்சியில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். கட்டுகளுக்கு இடையில் தனி மணி உண்டு, பரலோக மந்திரம் சொல்வதற்கு. அதையும் பிள்ளை சேர்த்திருப்பாளோ? சேர்த்தாலும், ஒரு கட்டுக்கு ஒரு பரலோக மந்திரம். ஐந்து கட்டுக்கு ஐந்து. அப்போது 55 வரும். ஆக 50, இல்லையென்றால் 55. எந்த வழியில் போனாலும் 54-க்குப் போகமுடியாது. அது கவனக்குறைவு. இதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

நீ சிரிப்பாய். எனக்கு ஜெபமாலையைக் கையில் பிடிக்கக் கூச்சம் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா மணியை உருட்டுவாள். நான் பக்கத்தில் முழந்தாளிட்டு விரல் கணுக்களில் எண்ணிக்கொள்வேன். என்றாலும் நாற்பது வருடம் தினமும் கேட்டது, மறக்குமா?

2006-ஐப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கும் நினைவிருக்கிறது. உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் தாளைக் காட்டினேன். பதினொன்று என்பது பதினொன்றுதானே, அதை நான் உண்டாக்கவில்லையே என்று நினைத்தேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன்.

தீப்பெட்டிகளைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். முப்பத்தொன்று சரிதான்.

ஆறாவது குறிப்பை இந்த முறையும் எழுத வரவில்லை.

அப்பா

*

விம்கோ நகர்
21 ஜூன்

அப்பாவுக்கு,

இரண்டு வழிகளைப் போட்டுக்காட்டினீர்கள். இரண்டும் நடைப்பயிற்சியில் போட்டவை. அம்மாவின் ஜெபமாலை உள்ளறையில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. உங்கள் நாற்காலியிலிருந்து எட்டு அடி இருக்கும். எழுந்து போய் எடுத்து எண்ணுங்கள். எனக்கு விடை தெரியும். நான் சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ரெடி ஆன்சியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் போயிருந்தார். வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. குறுக்கே போகவேண்டும், வழி இல்லை. பேசாமல் வருகிறாளே என்று சும்மா கேட்டிருக்கிறார். "கண்ணு, அஞ்சு வண்டி நிக்கிது பாரு, ஒண்ணு பின்னால ஒண்ணு. நடுவுல பூந்து போக எத்தினி சந்து கீது?" அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். "அஞ்சு வண்டி, அஞ்சு சந்து."

ஆன்சி வாயைத் திறக்கவில்லை. நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"இல்ல கண்ணு, அஞ்சு."

மறுபடியும் நாலு விரல்.

இவர் ஸ்டாண்டு போட்டு இறங்கி, வெயிலில் கையை நீட்டி நீட்டி எண்ணியிருக்கிறார். முதல் ட்ரெய்லர் டிரைவர், "இன்னா தல, வண்டி வாங்கப் போறியா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இன்னாமே இது, ஒரு வார்த்த பேசாம என்னைக் கேணையன் ஆக்கிட்டா உன் பொண்ணு!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்பா, அவளுக்கு அது போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது. பேச மட்டும் பயப்படுகிறாள். பதின்மூன்று நாள் ஆயிற்று. இன்னும் எத்தனை நாள் அது உள்ளேயே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குள் இருந்தது எப்போது போனது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் தேடிப்பார்த்தபோது இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இதற்காக வீட்டில் சண்டை நடந்தது, இன்னும் நடக்கும். நீங்கள் எண்ணி முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. 50 வந்தாலும் 55 வந்தாலும் ஆறு மணிக்கு நான் தரையில் உட்காருவேன். அவள் வராவிட்டாலும் உட்காருவேன். அவள் பெரிய மேதை ஆகவேண்டாம். தனக்குத் தோன்றியதைச் சத்தமாகச் சொல்லும் பிள்ளையாக இருந்தால் போதும்.

ரேச்சல்

கேரியரை ஃப்ரெடியிடம் கொடுக்கவேண்டாம். அவர் எங்கேயாவது வைத்துவிட்டு வருவார்.

*

இராயபுரம்
24 ஜூன்

அன்புள்ள ரேச்சல்,

ஐம்பத்து நான்கு.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுவதும் நான் அந்த அறைக்குள் போகவில்லை. உன் அம்மா பிலோமி போய் நான்கு வருடத்தில் அந்த ஆணியிலிருந்து அதை எடுத்ததில்லை, தூசு தட்டுவதோடு சரி. திங்கட்கிழமை காலையில் எடுத்து மேசையில் வட்டமாக வைத்து, எண்ணத் தொடங்கிய இடத்தில் துணி மாட்டும் கிளிப் ஒன்றைப் போட்டு எண்ணினேன். வலமாக இரண்டு முறை, இடமாக ஒரு முறை. 54. கீழே தொங்கும் ஐந்து மணிகளைச் சேர்க்கவில்லை. கேள்வியில் வட்டம் என்றுதான் கேட்டிருந்தேன்.

ஐந்து பரலோக மந்திரம் சொல்கிறோம் என்பது உண்மை. ஆனால் வட்டத்துக்குள் இருக்கும் தனி மணி நான்குதான். நாற்பது வருடம் காதால் கேட்டு எண்ணியவனுக்கு ஐந்து. கையால் உருட்டியவளுக்கு நான்கு.

ஆகவே ஏழாம் கேள்விக்கு ஆன்சியின் விடை சரி, என் விடை தவறு. அவள் மதிப்பெண் பத்து ஆகிறது. "பத்தும் சாதாரணம்தான்" என்று நேற்று எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஜெபமாலையை என்றைக்காவது எண்ணிப் பார்த்து அவள் நினைவில் வைத்திருந்தாளா, அல்லது அந்த மேசையில் உட்கார்ந்தே கணக்குப் போட்டாளா? இரண்டும் ஒன்றல்ல. உன்னைக் கேட்டால் நீ அவள் பக்கம்தான் பேசுவாய். அதனால் அவளையே கேட்கிறேன். கீழே எழுதியிருப்பதைக் கத்தரித்து அவளிடம் கொடு. எழுத்துகளைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

"ஆன்சி, ஏழாம் கேள்விக்கு நீ எழுதிய விடை சரி. தாத்தா எழுதிய விடை தப்பு. அது 54 என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எனக்குப் புரியவில்லை."

ஷிஃப்ட் பற்றி நான் எழுதியதை நீ பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாதது நல்லது என்றுதான் இன்று காலை தோன்றியது. மதியத்துக்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. என் குணம் உனக்குத் தெரியும்.

ஃப்ரெடி வாசலில் ஹார்ன் அடிக்கிறார். "மாமா, லெட்டரா காவியமா? எனக்கு டூட்டி கீது" என்கிறார். முடிக்கிறேன்.

அப்பா

*

விம்கோ நகர்
27 ஜூன்

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கத்தரித்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தாத்தா தப்பா?" என்று கேட்டாள். "எழுதியிருக்காரே, படிச்சியே" என்றேன். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனாள். உள்ளேயிருந்து தீப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஐந்து பெட்டியை வரிசையாக வைத்தாள். பெட்டிக்குப் பெட்டி நடுவில் ஒரு குச்சி. "இதுல பத்துப் பத்து மணி. நடுவுல நாலு எடம்தான் கீது." பிறகு வரிசையை வளைத்து வட்டமாக்கினாள். இப்போது ஐந்தாவதாக ஓர் இடம் வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். சமையலறைக்குப் போய் ஒரு பாட்டில் மூடியை எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தாள்.

"இங்க மாதா கீறாங்க. மாதா மணி இல்ல."

ஜெபமாலையின் பதக்கம், அப்பா. ஐந்தாவது இடத்தில் மணி இல்லை, மாதா பதக்கம்தான் இருக்கிறது.

நினைவா கணக்கா என்று கேட்டீர்கள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்றும் எழுதினீர்கள். சரி, நான் பேசவில்லை. "பத்துக் கட்டு இருந்தா?" என்று மட்டும் கேட்டேன். அப்படி ஒரு ஜெபமாலையை அவள் பார்த்ததில்லை. பெட்டியும் அவ்வளவு இல்லை. மேலே பார்த்தபடி கொஞ்ச நேரம் உதட்டைச் சப்பினாள். "நூத்தி ஒம்பது" என்றாள். பிறகு, "தாத்தாவுக்கு இது சொல்லாதம்மா. அவரே போடட்டும்" என்றாள். சொல்லிவிட்டேன், என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

மற்ற கேள்விகளையும் கேட்டேன். விட்டுப்போன ஐந்தும் தெரியாததால் விட்டதல்ல. உங்கள் கைக்கடிகாரத்தில் பெரிய முள் சின்ன முள்ளை ஒரு நாளில் எத்தனை தடவை தாண்டும் என்று யோசித்துக்கொண்டு இருந்துவிட்டாளாம்.

புதன்கிழமை யார்டில் சொல்லிவிட்டேன். மேனேஜர், "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க மேடம்" என்றார். "யோசிச்சாச்சு சார்" என்றேன். ஃப்ரெடி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை டூட்டி முடிந்து வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி எரிந்த தீக்குச்சியை எடுத்து ஆன்சி முன்னால் கொட்டினார். கேன்டீனில் பொறுக்கினாராம். "வெச்சிக்கோ. உன் கணக்கப் பாத்து எவனாச்சும் சிரிச்சா எங்கிட்ட சொல்லு" என்றார்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் எதையும் தூக்கிப் போடாதவர். என் தாளும் உங்களிடம்தான் இருக்கும். எனக்கு எந்தக் கேள்விகள் தவறாகப் போயின என்று நினைவில்லை. சிவப்பு மையில் போட்ட பெருக்கல் குறிகள் மட்டும் நினைவிருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேச்சல்

*

இராயபுரம்
29 ஜூன், ஞாயிறு

அன்புள்ள ரேச்சல்,

இன்று இராயப்பர் திருவிழா. தெருவில் பேண்டு வாசிக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உன் தாள் இரும்புப் பெட்டியில் இருந்தது. யார்டு நோட்டுகளுக்கு அடியில், ரப்பர் பேண்டு இற்றுப்போய், மடிப்பில் கொஞ்சம் கிழிந்து. 2006-ல் உன்னிடம் காட்டியபோது நான் மடித்த மடிப்பிலேயே இருந்தது. மேல்மூலையில் 11 மட்டும் தெரியும்படி மடித்திருந்தேன். அன்று நான் உனக்குக் காட்டியது அந்த மூலையைத்தான். உள்ளே பிரித்து நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இன்று பிரித்தேன். ஒன்று முதல் ஆறு வரை பார்த்தேன். ஏழுக்கு வந்தேன்.

54.

பென்சிலில், உன் ஏழு வயதுக் கையெழுத்தில். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. முதலில் 55 என்று எழுதி, கடைசி ஐந்தை ரப்பரால் அழித்து, அதன்மேல் நான்கு எழுதியிருக்கிறாய். நான் இப்போது நடைப்பயிற்சியில் வந்து நின்ற இடத்துக்கு நீ அப்போதே வந்து, அதைத் தாண்டியும் போயிருக்கிறாய். அதன்மேல் என் சிவப்புக் குறி. அழுத்திப் போட்டிருக்கிறேன், பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. ஏன் என்று அன்றும் நான் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட வண்டியில் வேகன்களுக்கு நடுவே ஐம்பத்தேழு இணைப்பு. இது எனக்குத் தெரியாததல்ல. முப்பத்தைந்து வருடம் அவற்றின் பக்கத்திலேயே நடந்தேன். யாராவது கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். என் வீட்டு மேசையில் அதையே இரண்டு பிள்ளைகள் எனக்கு எழுதிக் காட்டினார்கள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

உன் மதிப்பெண் பன்னிரண்டு ஆகிறது. ஒரு மதிப்பெண்ணால் அன்று என்ன மாறியிருக்கும் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை வைத்து உன் குரூப்பை நான் முடிவு செய்தேன் என்பது தெரியும். ஆறாவது குறிப்பு இதுதான்: என்னை மன்னித்துவிடு, ரேச்சல். உன்னிடம் ஒரு முறை, ஆன்சியிடம் ஒரு முறை. ஆன்சியிடம் நேரில் கேட்பேன், பாதியில் எழுந்து உள்ளே போகமாட்டேன். உள்ளே போக அங்கே எனக்கு அறையும் இல்லை.

இந்தக் கடிதத்தை ஃப்ரெடியிடம் கொடுக்கவில்லை. கேரியரின் மேலடுக்கில் உன் தாளையும் இதையும் வைத்து, நாளை மாலை ஐந்து மணி வண்டியில் நானே கொண்டுவருகிறேன். ஆறு மணிக்கு நீங்கள் உட்காரும்போது நான் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்துகொள்கிறேன். எதுவும் கற்றுக்கொடுக்கமாட்டேன். கைக்கடிகாரத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். பத்துக் கட்டுக்கு எத்தனை என்று அவள் கேட்டால், நூற்றொன்பது என்று உடனே சொல்லாமல் கொஞ்சம் யோசிப்பேன்.

வேலையில் எங்களுக்கு ஒரு விதி இருந்தது. தவறான நம்பரை அழிக்கக்கூடாது, கிறுக்கி மறைக்கக்கூடாது. படிக்கும்படியாக அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். உன் தாளில் என் சிவப்புக் குறியின்மேல் அப்படியே செய்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம், அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறது. 12-ஆம் தேதி எழுதியதை எடுத்துவை. மூன்றாவது குறிப்பில், அந்தத் தாளில் தவறு இருக்க வழியில்லை என்று எழுதியிருக்கிறேன். அதன்மேல் ஒற்றைக் கோடு போடு, நான் எழுதியது கீழே தெரியட்டும். பக்கத்தில் "தவறு" என்று எழுது. கையெழுத்தை நான் வந்து போடுகிறேன்.

அப்பா,
அருள்நாதன்